மறுமுறை எழுதுவது மாசாகுமா?



மந்தைவெளியில் எங்கள் மதரஸாவில் மஃரிபுக்குப் பின் நடக்கும் பாடம் இஷாவுக்குச் சற்று முன்புதான் முடியும். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டில் ஒரு நாள், பிள்ளைகள் கிதாபுகளை அடுக்கிவிட்டு ஓடிய பிறகு, நெடுநாளைய அன்பர் ஒருவர் தம் மகளுடன் வாசலில் வந்து நின்றார். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது அதே கூடத்தில் குர்ஆன் ஓதி முடித்தவள். இப்போது அவளது கையில் ஒரு கோப்பு இருந்தது. முகம் வாடியிருந்தது.

“ஹஜ்ரத், இவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இரண்டு தடவை நீட் எழுதிவிட்டாள். மருத்துவம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் பல் மருத்துவம் கிடைக்கும் போலிருக்கிறது. இப்போதைக்குச் சேர்ந்து வைக்கட்டும், அடுத்த ஆண்டு மறுபடி எழுதி, கிடைத்தால் விலகிக் கொள்ளலாம் என்கிறார் என் மைத்துனர். அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ, இப்படித் திரும்பத் திரும்ப எழுதினாலும் சேர்ந்து விலகினாலும் அது காலமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கும் என்கிறான். எதைக் கேட்பது?” என்றார் அன்பர்.

நானோ கலைப் பட்டதாரி. அரபி இலக்கணம் கற்பிப்பவன். மருத்துவச் சேர்க்கை பற்றி என்னிடம் கேட்பானேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஆயினும் ஆலோசனை கேட்டு வந்தவரை அறியாமையைச் சொல்லித் திருப்பி அனுப்புவதைவிட, அறிந்துகொண்டு பதில் சொல்வது நலம் அல்லவா? அன்றிரவு அந்தப் பெண்ணோடு அமர்ந்து விதிகளைப் படித்தேன். பின்னரும் விசாரித்தேன். நம் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி உலவுவதால், கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய கதை, புதிய பெயர்

மறுமுறை எழுதுவது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984ஆம் ஆண்டில் தொடங்கியது. பிளஸ் டூ மதிப்பெண் 200க்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண் 100க்கும் கணக்கிடப்பட்டு, 300க்குத் தரவரிசை வகுக்கப்பட்ட காலம் அது. அரை மதிப்பெண்ணில் இடத்தை இழந்த மாணவர்கள் ஓராண்டு வீட்டிலிருந்து ‘இம்ப்ரூவ்மெண்ட்’ எழுதினார்கள். உயிரியலையும் இயற்பியலையும் வேதியியலையும் மறுபடி எழுதிக் கூடுதல் மதிப்பெண்ணுடன் மறு ஆண்டு வரிசையில் நின்றார்கள். “புதிதாக எழுதும் பிள்ளையின் இடத்தைப் பழைய பிள்ளை பறிக்கிறான்” என்ற முறையீடு அப்போதே எழுந்தது.

2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மெண்ட் முறையையும் நீக்கி ஆணையிட்டது. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை இரத்துச் செய்தது. பின்னர் 2006ஆம் ஆண்டில் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007இல் நடைமுறைக்கு வந்தது. நுழைவுத் தேர்வு ஒழிந்தது. அதன்பின் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு, பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றையே கொண்டு இடங்கள் நிரப்பப்பட்டன. 2017இல் நீட் வந்தபோது அந்தக் கணக்கும் போயிற்று.

போன கதை வேறு உருவில் திரும்பியது. நீட் தேர்வின் விளைவுகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் கணக்குப்படி, 2016-17இல் மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 விழுக்காட்டினர். 2020-21இல் அவர்கள் 71.42 விழுக்காடு ஆயினர். முன்பு எட்டுப் பேரில் ஒருவர். பின்பு பத்துப் பேரில் ஏழு பேர்! இந்த முறை நியாயமா என்பது வேறு விவாதம். ஓராண்டு வீட்டிலிருந்து பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத ஏழைப் பிள்ளைக்கு இது பாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த எண்களிலிருந்து ஒரு பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் முறையே கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் பிள்ளை மந்தம் என்று எண்ணாதீர்கள். இன்று வெள்ளை அங்கி அணிந்து நடக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு தடவையேனும் தோற்றவர்களே.

கரும்புள்ளி உண்டா?

அமெரிக்கத் தம்பி சொன்னது பொய்யன்று. ஆனால் அது அவருடைய நாட்டு வழக்கம். அங்கே பொதுவாக நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்குப் பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். விண்ணப்பத்தில், படித்த ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடத்தையும் குறிப்பிட வேண்டும். ஒரு பாடத்தில் தோற்று மறுபடி படித்திருந்தால் இரண்டு மதிப்பீடுகளும் சராசரியில் சேரும். பாதியில் விலகிய பாடம் ‘டபிள்யூ’ என்னும் எழுத்துடன் ஏட்டில் நிற்கும். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் மட்டும் பழைய மதிப்பீட்டை விட்டுப் புதியதை எடுத்துக் கொண்டிருந்தன. 2017இல் அச்சலுகையும் முடிந்தது. எம்கேட் என்னும் அவர்களின் நுழைவுத் தேர்வை ஓராண்டில் 3 முறையும், தொடர்ச்சியான இரண்டு ஆண்டுகளில் 4 முறையும், வாழ்நாளில் 7 முறையும்தான் எழுத முடியும். ஒரே ஒரு ‘டபிள்யூ’வினால் அங்கும் யாரும் கெட்டுப்போவதில்லை. அடுக்கடுக்காக இருந்தால் காரணம் கேட்பார்கள். மறைத்தால்தான் பெரும் பிழை.

நம் நாட்டில் நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். தரவரிசைக்கு அந்த ஆண்டின் நீட் மதிப்பெண் ஒன்றே அளவுகோல். 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு கூடும், தவறான விடைக்கு ஒன்று குறையும். சென்ற ஆண்டு நீங்கள் 200 எடுத்தீர்களா, 500 எடுத்தீர்களா என்று இந்த ஆண்டின் பட்டியல் கேட்பதில்லை. இடையில் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்து பாதியில் நின்றதும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அந்தக் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழை முறையாகப் பெற்று வைத்திருந்தால் போதும். முயற்சிகளுக்கு 3 என்றும், வயதுக்கு 25 என்றும் வரம்பு கட்டப் பார்த்த காலமும் இருந்தது. 2022ஆம் ஆண்டில் உச்ச வயது வரம்பும் நீக்கப்பட்டது.

அன்றிரவு இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

விலகல் என்னும் வாசல்

மறுமுறை எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு விலகுவது அப்படியன்று. இங்கேதான் நம் மக்கள் பலர் இடறி விழுகிறார்கள்.

மதரஸா ஆசிரியனுக்கு எதுவும் ஃபிக்ஹு வடிவிலேயே விளங்கும். பொறுத்தருள்க. நஃபிலான தொழுகையைத் தொடங்கியவர் நடுவில் முறித்துவிட்டால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில் அதைத் திரும்பத் தொழுவது கடமையாவதில்லை. ஹனஃபி மத்ஹபில் களாச் செய்வது வாஜிப். ஆனால் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இஹ்ராம் கட்டிவிட்டால், அது நஃபிலாயினும் முடித்தே ஆக வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். விலகுவதற்கும் இப்படித் தராதரம் உண்டு.

கலந்தாய்வும் அப்படித்தான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. அண்மை ஆண்டுகளின் விதிப்படி, அதன் முதற்சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்ததில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். பொதுப் பிரிவினருக்கு அது 10,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 இலட்சம் ரூபாய். மூன்றாம் சுற்றில் சேர்ந்தவர் விலக இயலாது. அது இஹ்ராம் கட்டியது போன்றது! எஞ்சிய இடங்களுக்கான கடைசிச் சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டும் சேராதவர் வைப்புத்தொகையை இழப்பதோடு, மறு ஆண்டு நீட் எழுதும் வாய்ப்பையும் இழக்கிறார்.

மாநில ஒதுக்கீட்டு இடங்களைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழு நிரப்புகிறது. குறித்த நாளுக்குப் பின் படிப்பைக் கைவிடுவோர் செலுத்த வேண்டிய இடைநிற்றல் கட்டணம் அதன் தகவல் குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. தொகையும் நாளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே, சென்ற ஆண்டு யாரோ விலகினார் என்ற செவிவழிச் செய்தியை நம்பாமல், அந்தந்த ஆண்டின் குறிப்பேட்டைத் திறந்து படிக்க வேண்டும்.

அன்றிரவு அந்தப் பக்கத்தைத் தேடிக் கொண்டிருந்தேன். அந்தப் பெண் மெல்லத் தன் கோப்பைத் திறந்து நீட்டினாள். அதே பக்கத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருந்தாள்! “அத்தாவிடமும் மாமாவிடமும் சொல்லிப் பார்த்தேன், ஹஜ்ரத். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றார்கள்” என்றாள். அவள் தந்தை தலை குனிந்தார். உண்மையைச் சொன்னால், நானும் அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று பேர் கூடி மஷ்வரா செய்தோம், யாருடைய வாழ்வோ அவளை விட்டுவிட்டு!

விலகலில் இன்னொரு பக்கமும் உண்டு. விலகுவதற்கென்றே ஓர் இடத்தில் சேர்ந்தால், அந்த இடத்தை நம்பி வரிசையில் நின்ற அடுத்த பிள்ளையின் கதி என்ன? பாதியாண்டில் காலியாகும் இடம் பெரும்பாலும் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பதைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. உண்ணாமலே இலையை மறித்து வைப்பதை என்னென்பது? உண்மையாகவே படிக்க எண்ணிச் சேர்ந்து, பின் சூழ்நிலை மாறி விலகுவது வேறு. நிய்யத்தே விலகலாக இருப்பது வேறு.

மகனுக்கு மூன்று, மகளுக்கு ஒன்று

தந்தையார் அடுத்துச் சொன்னதை இங்கே மறைக்க விரும்பவில்லை. “ஹஜ்ரத், மூன்றாம் வருடமும் வீட்டில் வைத்திருந்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?” என்றார்.

“பாய், உங்கள் மூத்த மகன் சி.ஏ. தேர்வை எத்தனை தடவை எழுதினார்?” என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. ஐந்தோ ஆறோ என்பது மொஹல்லா அறிந்தது. அவருக்கு அந்த ஐந்தாறு ஆண்டுகளும் விடாமுயற்சி. இவளுக்கு இரண்டு ஆண்டுகள் வீண்காலம்!

சகோதரர்களே, இந்தத் தராசைச் சற்று நிமிர்த்துவோம். நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடுகிறோம். அந்த மருத்துவர் யாரோ ஒரு வீட்டின் மகள்தான். யாரோ ஒரு தந்தை, “இன்னும் ஒரு முறை எழுது, மகளே” என்று சொல்லியிருக்கிறார்.

எல்லை வேண்டும்

“அப்படியானால் கிடைக்கும் வரை எழுதலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. எல்லையில்லாத முயற்சியும் ஒரு நோயாகும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் நான்கு தடவை எழுதினான். இரண்டாம் முறைக்குப் பின் நண்பர்களைத் தவிர்த்தான். மூன்றாம் முறைக்குப் பின் ஜும்ஆவுக்கு வருவதும் குறைந்தது. பயிற்சி நிலையக் கட்டணத்துக்காக அவன் தாயின் நகைகள் வட்டிக்கு அடகு போயின. ஹராமான வட்டியில் வாங்கிய பணம் அவன் நெஞ்சில் கல்லாக அமர்ந்தது. ஏறிய பாரத்துக்கேற்ப மதிப்பெண் ஏறவில்லை. ஊக்கம் வேறு, சூதாட்டம் வேறு. இந்த முறை எப்படியும் கிடைத்துவிடும் என்று மீண்டும் மீண்டும் பணயம் வைப்பதில் இரண்டாவதன் வாடை வீசுகிறது.

2025இல் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினர். 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ அதில் ஒரு சிறு பங்கே. ‘தகுதி’ என்ற சொல்லைக் கண்டு மயங்குவோரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

எல்லை மீறிய ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட ஆள்மாறாட்டமே சாட்சி. மாணவருக்குப் பதிலாக வேறொருவர் மும்பை மையத்தில் தேர்வு எழுதினார் என்பது வழக்கு. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. மாணவரோடு தந்தையும் கைதானார். தோல்வி யாரையும் சிறைக்கு அனுப்பியதில்லை. தோல்வியை ஏற்காத மனமே அனுப்பியது.

வீட்டில் பேசி முடிவெடுக்க

நான் அறிந்த வரையில் சில யோசனைகள்:

ஒன்று, மறுமுறை எழுதுவதற்கு முன் பழைய மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பாடத்தில், எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு இன்னோராண்டு கொடுத்தும் பயனில்லை. சொல்ல முடிந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

இரண்டு, இத்தனை முறைதான், இந்த மாதம் வரைதான் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் எந்தப் படிப்பு என்பதையும் அன்றே தீர்மானியுங்கள்.

மூன்று, சான்றிதழ்களை இப்போதே சரிபாருங்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2007இல் வந்தது. அது அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, இராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கு உரியது. சான்றிதழில் வெறுமனே ‘முஸ்லிம்’ என்றிருந்தால் கலந்தாய்வு நாளில் கண்ணீர் விட நேரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இருப்பதையும் மறவாதீர்கள்.

நான்கு, வெளிநாட்டுக் கல்லூரி முகவர் வந்து, “நீட் வேண்டாம், நாளைக்கே விமானம்” என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் படித்து இங்கே மருத்துவம் செய்யவும் நீட் தகுதி வேண்டும். 54 மாதப் படிப்பும் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் விதி.

ஐந்து, இடம் கிடைத்தால் எல்லாம் முடிந்ததென்று எண்ணாதீர்கள். எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வை 4 முறைக்குள் தேற வேண்டும். முழுப் படிப்பையும் 9 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். உள்ளே போன பிறகு மறுமுறைக்குக் கணக்கு உண்டு.

ஆறு, முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திட்டுவதற்கு உரிய நாள் அதுவன்று. மனம் தளர்ந்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல அரசின் 104 தொலைபேசிச் சேவை இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பது மார்க்கத்தில் எத்துணை பெரிய அமல் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அந்த உயிர் நம் பிள்ளையினுடையதாகவும் இருக்கலாம்.

ஸஃபாவும் மர்வாவும்

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். மறுநாள் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள். அவள் அந்தத் தனியார் கல்லூரியைப் பதிவு செய்யவில்லை. யாருடைய இடத்தையும் மறிக்கவில்லை. தந்தையும் மகளும் ஒரு தாளில், “இன்னும் ஒரே முறை” என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதற்குச் சாட்சி நான். இஸ்திகாராத் தொழுதுவிட்டு, வீட்டிலிருந்தே பழைய புத்தகங்களைக் கொண்டு படித்தாள்.

மூன்றாம் முறை மதிப்பெண் உயர்ந்தது. எம்.பி.பி.எஸ். இடத்தை எட்டும் அளவுக்கு உயரவில்லை. ஆனால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தனியார் கல்லூரிக்குக் கட்டியிருக்க வேண்டிய தொகையில் சிறு பகுதியே செலவு. இன்று காலையில் மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குகிறாள். முன்பு அவளது முகத்திலிருந்த வாட்டம் இப்போது இல்லை. “விலகப் போகிறவளாக இல்லாமல், படிக்கப் போகிறவளாகச் சேர்ந்தேன், ஹஜ்ரத்” என்றாள் சென்ற மாதம்.

அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் தாகத்தால் தவித்த குழந்தைக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். முதல் ஓட்டத்தில் தண்ணீர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இன்று வரை இலட்சோப இலட்சம் ஹாஜிகள் அந்த ஓட்டத்தையே வணக்கமாக ஓடுகிறார்கள். மறுமுறை ஓடுவது மாசன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜம்ஜம் ஸஃபா மலையிலும் பொங்கவில்லை, மர்வா மலையிலும் பொங்கவில்லை. ஓடிய இடத்தில் அல்லாமல், குழந்தை கிடந்த இடத்தில் பொங்கியது. ஓடுவது நம் கடமை. ஊற்று எங்கே பொங்கும் என்பது அவன் நாட்டம்.

நம் பிள்ளைகளின் உழைப்பை எல்லாம் வல்ல அல்லாஹ் அங்கீகரிப்பானாக! அவர்களுக்குப் பயன் தரும் கல்வியையும், நமக்கு அவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.